முதலில் நாட்டைக் கட்டுவதா, ஒன்றியத்தில் சேர்வதா? உக்ரைன் பற்றிய விவாத இழை

4 அக்டோபர் 2025, தொடக்கக் கேள்வி

உக்ரைனில் போர் இன்னும் ஓயவில்லை. அதற்குள் மறுகட்டமைப்புப் பணத்தை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான சீர்திருத்தங்களோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். குண்டு விழுந்த வீட்டுக்குக் கூரை போடுவதற்கும் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? முதலில் வீடு, பாலம், மின்சாரம். உறுப்பினர் ஆவதைப் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் அந்த மக்களுக்கு நல்லது என்பது என் வாதம். மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

4 அக்டோபர், இரவு

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உக்ரைன் அரசு, உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு), ஐ.நா. நான்கும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அடுத்த பத்தாண்டுகளுக்கு மறுகட்டமைப்புக்குத் தேவை 52,400 கோடி டாலர். நாட்டின் 2024 மொத்த உற்பத்தியைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு. நேரடிச் சேதம் மட்டும் 17,600 கோடி டாலர். சேதத்தைவிடத் தேவை மூன்று மடங்காக இருப்பது பலருக்கு இடிக்கும். இடிந்த சோவியத் கால அடுக்குமாடியை அதே தரத்தில் திரும்பக் கட்டினால் குளிர்காலத்தில் வெப்பம் வீணாகும் என்பதால் புதிய தரத்தில் கட்டும் செலவும் இதில் இருக்கிறது. இன்றைய விலை, இடிபாடு அகற்றல் எல்லாம் சேர்ந்தது. இடிபாடு அகற்றவே ஏறத்தாழ 1,300 கோடி டாலர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் 2027 வரை ஒதுக்கியிருக்கும் 'உக்ரைன் வசதி' நிதி 5,000 கோடி யூரோ. 3,300 கோடி கடன், 1,700 கோடி மானியம். தேவையோடு வைத்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு சொச்சம். மீதியில் பெரும்பகுதி தனியார் முதலீடாகத்தான் வந்தாக வேண்டும். சிமென்ட் ஆலை போட வருகிறவர் முதலில் கேட்பது, சிக்கல் வந்தால் எந்த நீதிமன்றம், அங்கே தீர்ப்பு விலை போகுமா என்பதுதான். கூரைக்கும் நீதிபதி தேர்வுக்கும் உள்ள சம்பந்தம் அங்கே இருக்கிறது.

5 அக்டோபர்

பணம் எப்படி இறங்குகிறது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். உக்ரைன் அரசு ஒரு திட்டம் தயாரித்தது. 2024 மே 14-ல் ஒன்றியத்தின் மன்றம் (உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் சபை) அதை ஏற்றது. அதில் சீர்திருத்தங்களும் முதலீடுகளும் சிறு சிறு படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு காலாண்டு கெடு வைக்கப்பட்டிருக்கிறது. காலாண்டு முடிந்ததும் கீவ் அரசு ஆதாரங்களோடு கோரிக்கை அனுப்பும். ஆணையம் படி படியாகச் சரிபார்க்கும். மன்றம் ஒப்புதல் தரும். பிறகே தவணை.

கெடுவுக்குள் முடியாத படிக்கான பணம் நிறுத்திவைக்கப்படும். 12 மாதத்துக்குள் முடித்துக் காட்டினால் கிடைக்கும், இல்லையென்றால் போச்சு. இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் விதி இல்லை. 2025-ன் நான்காவது தவணையில் 16 படிகளில் 13 தான் முடிந்திருந்தன. 450 கோடி யூரோ வந்திருக்க வேண்டிய இடத்தில் 305 கோடிதான் வந்தது. முடியாதவை மூன்று: அதிகாரப் பரவலாக்கச் சட்டம், பறிமுதல் சொத்துகளை நிர்வகிக்கும் முகமையின் சீர்திருத்தம், ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றத்துக்கான நீதிபதிகள் தேர்வு. தொடக்கக் கேள்வியில் நீங்கள் உதாரணமாகச் சொன்னதே இதில் இருக்கிறது.

5 அக்டோபர், ஒரு வாசகர்

16-ல் 13 என்றால் 450 கோடிக்கு 366 கோடி வருகிறது. 305 எப்படி?

6 அக்டோபர்

படிகள் எல்லாம் சம எடை இல்லை. சட்டம் இயற்றி நடைமுறைக்குக் கொண்டுவரும் படிக்கு அதிக மதிப்பு, அறிக்கை வெளியிடும் படிக்குக் குறைவு. அதனால் படிகளை எண்ணி விகிதம் போடக் கூடாது. முடியாமல் போன மூன்றும் கனமானவை, ஆகவே வெட்டும் கனமாக விழுந்தது.

நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எல்லாப் படிக்கும் ஒரே விலை வைத்தால் எந்த அரசும் எளிதானவற்றை முடித்துவிட்டு முள்ளான மூன்றைக் கடைசிவரை தள்ளிப்போடும்.

7 அக்டோபர், திருத்தம்

4-ஆம் தேதி இரவு எழுதியதில் ஒரு பிழை விட்டுவிட்டேன். 5,000 கோடி யூரோ முழுவதையும் மறுகட்டமைப்புப் பணம் என்ற தொனியில் எழுதியது தவறு. அதில் 3,800 கோடிக்கு மேல் உக்ரைன் அரசின் பட்ஜெட்டுக்கு நேரடி ஆதரவு. நாட்டின் சொந்த வரி வருவாய் ராணுவத்துக்கே போய்விடுவதால், ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவமனைச் செலவு இவற்றை வெளிப் பணம் தாங்குகிறது. முதலீடுகளை இழுக்கும் உத்தரவாதங்களுக்கும், சேர்க்கைக்கான தொழில்நுட்ப உதவிக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உள்ளாட்சிகளின் மீட்புக்கென்று மானியத்தில் ஒரு பங்கு கட்டாயம்.

ஆகவே வாதத்தைத் திருத்திச் சொல்கிறேன். இப்போது வரும் பணம் வீட்டைக் கட்டவில்லை, வீடு கட்டும் அரசைச் சாய்ந்துவிடாமல் பிடித்திருக்கிறது. நிபந்தனை ஒப்பந்ததாரர் மேல் விழுவதற்கு முன்பு அமைச்சகங்கள் மேல் விழுவது இதனால்தான்.

9 அக்டோபர்

"உறுப்பினர் ஆவதைப் பத்து வருடம் கழித்து" என்பதற்கு வருகிறேன். சேர்வது என்பது ஒரு நாளில் கொடியேற்றும் காரியம் இல்லை. துண்டு துண்டாக நடப்பது. சில துண்டுகள் உக்ரைனில் ஏற்கனவே முடிந்துவிட்டன. அதில் மின்சாரத்தைப்போல வேறெதுவும் உதவவில்லை.

உக்ரைனின் மின்தொகுப்பில் பெரும்பகுதி சோவியத் காலத்திலிருந்து ரஷ்யத் தொகுப்போடு ஒரே துடிப்பில், அதாவது ஒரே அதிர்வெண்ணில் ஓடியது. ஐரோப்பாவோடு இணைவதற்கான நிபந்தனை ஒப்பந்தம் 2017 ஜூனில் கையெழுத்தானது. இணைப்பு 2023-ல் என்று குறித்திருந்தார்கள். அதற்கு முன் கட்டாயச் சோதனை ஒன்று உண்டு: எந்தப் பக்கமும் இணைப்பில்லாமல் தனித் தீவாக ஓடிக் காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்காக 2022 பிப்ரவரி 24 அதிகாலை ரஷ்ய, பெலாரஸ் இணைப்புகளைத் துண்டித்தார்கள். சில மணி நேரத்தில் படையெடுப்பு. திரும்ப இணைக்கவே இல்லை. மார்ச் 16-ல் உக்ரைனும் மால்டோவாவும் ஐரோப்பிய கண்டத் தொகுப்போடு இணைந்தன. மூன்று வாரம்.

மூன்று வாரத்தில் முடிந்தது என்று அதிசயிக்க வேண்டாம். முந்தைய ஐந்து வருடங்களின் வேலை அது. இரண்டு பக்கமும் 50 ஹெர்ட்ஸ் என்பது போதாது. ஒரு மூலையில் ஒரு மின்நிலையம் விழுந்தால் மறு மூலை வரை அலைவு பரவாமல் அடக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் வேகக் கட்டுப்பாடு, தூண்டல் அமைப்பு, பாதுகாப்பு ரிலேக்கள் எல்லாம் ஐரோப்பிய விதிப்படி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். விதி இணக்கம் என்று தாளில் படிக்கும்போது சலிப்பாக இருக்கும். 2024 வசந்தத்தில் தாக்குதல்களில் 9,000 மெகாவாட் உற்பத்தித் திறன் போனபோது, மேற்கிலிருந்து மின்சாரம் வந்தது அந்த இணக்கத்தால்தான். அப்போது இறக்குமதி வரம்பு 1,700 மெகாவாட், 2024 டிசம்பரிலிருந்து 2,100.

9 அக்டோபர், தொடர்ச்சி

எது சரியாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உக்ரைனின் முதுகெலும்புக் கம்பிகள் 750, 330 கிலோவோல்ட். மேற்கில் 400, 220. ஐரோப்பிய நாடுகள் கையில் உபரியாக இருந்த பெரிய டிரான்ஸ்பார்மர்களைக் கொடுக்க முன்வந்தாலும் 330 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில் அவை பொருந்தாது. ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், நூற்றுக்கணக்கான டன் எடையை ரயிலில் கொண்டுபோக வேண்டும். ஒரே துடிப்பில் ஓடுவது வேறு, ஒரே மின்னழுத்தத்தில் ஓடுவது வேறு. உள்நாட்டில் 330-ஐ அப்படியே பழுதுபார்ப்பதுதான் புத்தி. எல்லையைத் தாண்டும் கம்பிகளை மட்டும் 400-க்கு மாற்றலாம். ஹ்மெல்னித்ஸ்கி அணுமின் நிலையத்திலிருந்து போலந்தின் ஷெஷுஃப் நகருக்குப் போன பழைய 750 கம்பி 1990-களிலிருந்து சும்மா கிடந்தது. அதை 2023-ல் 400 கிலோவோல்ட்டில் உயிர்ப்பித்தார்கள். மறுகட்டமைப்பும் சேர்க்கையும் ஒரே வேலையாக நடந்த இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொரு சிக்கல் விலை உச்சவரம்பு. உக்ரைன் மின்சந்தையில் விலைக்கு மேல்வரம்பு உண்டு. பக்கத்து நாட்டில் மாலை நேர விலை அந்த வரம்பைத் தாண்டினால் வணிகர் அங்கிருந்து வாங்கி இங்கே விற்க மாட்டார். கம்பியில் இடம் இருக்கும், மின்சாரம் வராது. வரம்பை உயர்த்தினால் தொழிற்சாலைகளின் கட்டணம் ஏறும். இதற்கு வலியில்லாத விடை கிடையாது.

12 அக்டோபர்

தண்டவாளம் பற்றிச் சுருக்கமாக. உக்ரைனில் 1520 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் 1435. 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக எல்லையில் பெட்டியை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும், அல்லது சரக்கை வண்டி மாற்ற வேண்டும். நாடு முழுக்கப் பாதையைப் பிரித்துப் போடச் சொல்பவர்கள் செலவை எண்ணுவதில்லை. என்ஜின், பெட்டி, பணிமனை, கருங்கடல் துறைமுகப் பக்கப் பாதை அனைத்தும் 1520-க்கானவை. எல்லையிலிருந்து உள்ளே ஒரு பெரிய நகரம் வரை 1435 பாதை நீட்டி, அங்கே சரக்கு மாற்றும் முனையம் வைப்பது போதும். சோப்–உஜ்ஹொரோட் இடையே 22 கிலோமீட்டர் 2025 செப்டம்பரில் திறந்தது அந்த வழியில்தான்.

13 அக்டோபர், வேறொரு வாசகர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா ஐரோப்பாவுக்கு உதவிய மார்ஷல் திட்டத்தில் இப்படி எந்த ஒன்றியமும் இல்லையே? பணம் கொடுத்தார்கள், ஐரோப்பா எழுந்தது.

13 அக்டோபர்

இருந்தது. 1948 ஏப்ரலில் பணம் பெறும் நாடுகள் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பை உருவாக்கின. உதவியைப் பங்கிடுவது எப்படி என்று நீங்களே கூடிப் பேசி வாருங்கள் என்றது அமெரிக்கா. 1950-ல் ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம் வந்து, நாடுகள் தங்களுக்குள் பெரும்பாலும் டாலர் இல்லாமலே கணக்குத் தீர்க்க முடிந்தது. 1951-ல் நிலக்கரி, எஃகு சமூகத்துக்கான ஒப்பந்தம். கட்டுவதும் சேர்வதும் அன்றைக்கும் தனித்தனியாக நடக்கவில்லை.

16 அக்டோபர்

முழுச் சுற்றும் முடித்த நாடு ஒன்றைப் பார்ப்பது பயன்படும்: குரோவேஷியா. போர் 1991 முதல் 1995 வரை. போரில் கைவிட்டுப்போன கிழக்கு ஸ்லவோனியா பகுதி திரும்பக் கைக்கு வந்தது 1998 ஜனவரியில். சேர விண்ணப்பித்தது 2003 பிப்ரவரி. பேச்சுவார்த்தை தொடங்கியது 2005 அக்டோபர், முடிந்தது 2011 ஜூன். உறுப்பினர் ஆனது 2013 ஜூலை 1. போர் நின்று ஏறத்தாழ 18 வருடம்.

பணம் எப்போது வந்தது என்று கவனியுங்கள். சேருமுன் 2007-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 15 கோடி யூரோ. சேர்ந்தபின் 2014–2020 காலத்துக்கு ஒதுக்கீடு சுமார் 1,070 கோடி. ஆண்டுக்கணக்கில் பத்து மடங்கு. ஆக, இடிந்த வீடுகளைக் குரோவேஷியா பெரும்பாலும் தன் பட்ஜெட்டிலும் கடனிலும் கட்டியது. பெரிய பணம் வந்தபோது அது பாலம், குடிநீர், கழிவுநீர் என்று போனது. பெல்யேஷாட்ஸ் பாலம் அப்படி வந்தது: 2,404 மீட்டர், ஒன்றியத்தின் பங்கு 35.7 கோடி யூரோ, 2022 ஜூலையில் திறப்பு. டெண்டரில் வென்றது ஒரு சீன நிறுவனம்.

கண்ணிவெடி விஷயத்தில் ஒரு நுணுக்கமும் அங்கே உண்டு. ஒன்றியத்தின் விவசாய மானியம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிலப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தரப்படும். வெடி புதைந்த நிலத்தில் சாகுபடி இல்லை, ஆகவே மானியக் கணக்கில் வராது. பத்து வருடம் கழித்து அந்த நிலம் சுத்தமானால்? அதற்காகச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே ஆண்டுக்கு 96 லட்சம் யூரோ வரை தனி ஒதுக்கீடு எழுதி வாங்கினார்கள். உக்ரைன் பேச்சுவார்த்தையாளர்கள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய பத்தி அது.

16 அக்டோபர், தொடர்ச்சி

கப்பல் கட்டும் தளங்களை விட்டுவிட்டேன். சேர்க்கைப் பேச்சுவார்த்தை துறைவாரியாக அத்தியாயங்களாக நடக்கும். அதில் போட்டி விதிகள் அத்தியாயத்தை மூட, அரசு மானியத்தில் ஓடிய தளங்களைச் சீரமைக்கவோ விற்கவோ வேண்டும் என்றது ஒன்றியம். கிராலியேவிட்சா தளம் திவாலானது. தப்பியதாக நினைத்த உல்யானிக் 2019-ல் திவால், அரசு உத்தரவாதம் கொடுத்த கடன்கள் வரிப்பணத்தின் தலையில் விழுந்தன. உக்ரைனில் போர்க்காலத்தில் அரசு கைதூக்கிவிடும் தொழிற்சாலைகள் ஏராளம். எதெதற்கு எவ்வளவு என்று இப்போதே பதிவு வைக்காவிட்டால் அந்த அத்தியாயத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

19 அக்டோபர், மறுயோசனை

குரோவேஷியாவை வெற்றிக் கதையாக மட்டும் எழுதியது சரியில்லை. 2011 கணக்கெடுப்பில் 42.8 லட்சம் பேர், 2021-ல் 38.7 லட்சம். போரில் அதிகம் அடிபட்ட வுகோவார் அடங்கிய மாவட்டத்தில் பத்தாண்டில் ஐந்தில் ஒருவர் குறைந்தார். முதுமை, குறைந்த பிறப்பு இரண்டும் காரணங்கள்தான். ஆனால் சேர்ந்தபின் எல்லை திறந்ததும் இளையவர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போனது பெரிய காரணம். வீடு எழுந்தது, அதில் விளக்கேற்ற ஆள் இல்லை.

உக்ரைனுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கனவே ஒன்றிய நாடுகளில் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகிறார்கள். பிரித்துவைத்தால் சரியாகிவிடுமா என்றால் இல்லை, எல்லை அவர்களுக்கு இப்போதே திறந்துதான் இருக்கிறது. வேலையும் சம்பளமும் உள்ள ஊரில் வீடு கட்ட வேண்டும். சேதப் பட்டியலில் எண் பார்த்து வரிசையாகக் கட்டிக்கொண்டு போனால் வுகோவார் மறுபடி நடக்கும். இந்தக் கேள்வியில் மட்டும் தொடக்கக் கேள்வி கேட்டவரின் கவலையோடு எனக்கும் உடன்பாடு உண்டு.

30 அக்டோபர்

திருத்திய வர்த்தக ஒப்பந்தம் நேற்று நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூன் முதல் 2025 ஜூன் வரை உக்ரைன் பொருட்களுக்கு வரியும் கோட்டாவும் தளர்த்தப்பட்டிருந்தன. இப்போது மறுபடி கோட்டா, ஆனால் பழையதைவிடப் பெரிது: சர்க்கரை 1 லட்சம் டன், கோழியிறைச்சி 1.2 லட்சம் டன், கோதுமை 13 லட்சம் டன், தேன் 35,000 டன். பதிலுக்கு, பூச்சிக்கொல்லி, கால்நடை நலம், கால்நடை மருத்துவ விதிகளை 2028 இறுதிக்குள் உக்ரைன் ஒன்றியத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

2023-ல் நடந்ததை மறக்க வேண்டாம். ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா தானிய இறக்குமதியைத் தடுத்தன. நவம்பரில் போலந்து லாரி உரிமையாளர்கள் எல்லைச் சாவடிகளை மறித்தார்கள். உக்ரைனுக்காக முதல் நாளிலிருந்து கதவைத் திறந்து வைத்த நாடு அது. ஆனால் பக்கத்து விவசாயியின் விலை விழுந்தால் எந்த நட்பும் அதைத் தாங்காது. ஒன்றியத்தின் பக்கமும் சீர்திருத்தம் தேவைப்படுகிறது, குறிப்பாக ஹெக்டேர் கணக்கில் மானியம் தரும் முறையில். உக்ரைனின் பெரும் பண்ணைகள் அந்த முறைக்குள் அப்படியே வந்தால் கணக்கு உடையும்.

5 நவம்பர்

நேற்றைய விரிவாக்க அறிக்கையில், பேச்சுவார்த்தை அத்தியாயங்களைச் சேர்த்துக் கட்டிய ஆறு தொகுதிகளில் மூன்றைத் திறக்க உக்ரைன் தகுதி பெற்றுவிட்டது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. திறக்கவில்லை. ஹங்கேரி தடுக்கிறது.

அக்டோபர் 5-ல் தவணைக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த ஒப்புதலுக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும், அதாவது நாடுகளிலும் மக்கள்தொகையிலும் குறித்த பெரும்பங்கு சம்மதித்தால் போதும். சேர்க்கைத் தொகுதியைத் திறக்கவோ மூடவோ 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். தேரை 26 பேர் இழுக்க, ஒருவர் சக்கரத்தில் முட்டுக்கட்டை வைத்தால் நிற்கிறது. பணத்தின் பக்கம் உக்ரைன் படியை முடித்தால் கூலி கிடைக்கும். சேர்க்கையின் பக்கம் முடித்தாலும் கிடைக்காமல் போகலாம். நீதிபதி தேர்வை மாற்று என்று ஒரு நாடாளுமன்றத்திடம் கேட்டுவிட்டு, மாற்றியபின் கதவைச் சாத்திவைத்தால் அடுத்த படிக்கு அங்கே ஓட்டு விழாது. இரண்டையும் இணைத்தவர்கள் செய்த பெரிய தவறு இது என்பேன். தொகுதி திறப்பையாவது தகுதிப் பெரும்பான்மைக்கு மாற்றலாம், கடைசிக் கையெழுத்துக்கு மட்டும் ஒருமனம் வைத்துக்கொள்ளலாம்.

20 நவம்பர்

நவம்பர் 10-ல் உக்ரைனின் ஊழல் தடுப்புப் பணியகம் அணுமின் நிறுவனமான எனெர்கோஅடாம் பற்றிய விசாரணையை வெளியிட்டது. ஒப்பந்ததாரர்களிடம் 10 முதல் 15 சதவீதம் கமிஷன் பிடுங்கப்பட்டது, தராவிட்டால் பில் நிறுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. நேற்று நாடாளுமன்றம் இரண்டு அமைச்சர்களை நீக்கியது.

எப்படிப் பிடுங்க முடிந்தது என்பதைப் பாருங்கள். போர்ச் சட்டக் காலத்தில், முக்கியச் சேவை தரும் அந்த நிறுவனத்திடமிருந்து நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் கடனை வசூலிக்க முடியாது. வேலையை முடித்த ஒப்பந்ததாரருக்குப் போய் நிற்க இடமில்லை. நீதிமன்றக் கதவு சாத்தியிருந்த இடத்தில் கமிஷன் கதவு திறந்தது. கூரைக்கும் நீதிபதிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு என் அக்டோபர் 4 பதிலைவிட இது தெளிவான பதில்.

இதே பணியகத்தின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் ஜூலை 22-ல் நிறைவேறியது. வீதியில் மக்கள் திரண்டார்கள், ஒன்றியம் எச்சரித்தது, ஜூலை 31-ல் சட்டம் திருத்தப்பட்டது. அன்று அது நிலைத்திருந்தால் இந்த விசாரணை வெளியே வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

21 நவம்பர்

"அப்படியானால் வீட்டுக்காரரின் இழப்பீட்டுக்கும் நிபந்தனையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 2023 முதல் ஓடும் 'மீட்பு' இழப்பீட்டுத் திட்டம் தனி வழியில் போவது சரி. உரிமையாளர் அரசின் 'தீயா' செயலியில் சேதத்தைப் பதிகிறார். உள்ளாட்சிக் குழு வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறது. சேதமடைந்த சொத்துகளின் பதிவேட்டில் ஏறுகிறது. பழுதுக்கான பணம் தனிக் கணக்கில் வருகிறது, கட்டுமானப் பொருளுக்கும் வேலைக்கூலிக்கும் மட்டுமே செலவிடலாம்.

அதில் சிக்குகிற இடம் பெரும்பாலும் முதல் படிக்கு முன்னால். கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு மின்னணுச் சொத்துப் பதிவு இல்லை, பழைய காகிதப் பத்திரம் வீட்டோடு எரிந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் செயலியில் விண்ணப்பமே போகாது. அடுத்தது, முன்னரங்குக்கு அருகே குழு போய்ப் பார்க்க முடியாத ஊர்கள். பதிவேட்டைச் சரிசெய்ய ஆட்களும் பணமும் கேட்டு உள்ளாட்சிகள் வரிசையில் நிற்கின்றன. நிபந்தனை ஏதும் இல்லாமல் நாளைக்கே பணம் போட வேண்டிய இடம் அதுதான்.